குளவியும் கட்டளைச் சட்டமும்

பத்தாந் தரத்துக்கு வேற்றுமை இலக்கணம் கற்பித்துக்கொண்டிருந்த வாரம் அது. கடைசி வாங்கின் ஓரத்தில் வழமையாக அமரும் மாணவி நான்கு நாட்களாக வரவில்லை. தேயிலைத் தோட்டங்களிலிருந்து பஸ் ஏறிக் கண்டிக்கு வந்து படிக்கும் பிள்ளைகள் நான்கு நாள் வராதிருப்பது ஆசிரியர்களாகிய எமக்குப் புதிதன்று. அடைமழை பெய்தால் பாதை சரியும். சம்பளம் பிந்தினால் பஸ் காசு இராது. வீட்டிலுள்ள சிறு குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், தாய் மலைக்குப் போயிருக்கும் வேளையில் மூத்த பெண்ணே தாயாவாள். வராத காரணத்தைக் கேட்பதையே நாம் ஏறக்குறைய விட்டுவிட்டோம். இதைச் சொல்ல வெட்கமாகவே இருக்கிறது.

ஐந்தாம் நாள் அவள் வந்தாள். நாம் கேட்குமுன் அவளே சொன்னாள்: "அம்மாவக் குளவி கொட்டிருச்சு சேர். ஓடயில கான்ல விழுந்து கை முறிஞ்சிருச்சு."

வகுப்பு முடிந்தபின் விவரமாக விசாரித்தோம். சம்பவம் நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று தோட்டத்தில் வழமையான வேலை இல்லை. ஆனால் கொழுந்து முற்றிவிடக் கூடாது என்பதற்காகக் 'கைக்காசு'க்குப் பறிக்க ஆள் அழைத்திருந்தனர். கைக்காசென்றால் நாட்கூலி கிடையாது. பறித்த கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்கு. தாய் காலை முழுதும் பறித்து, நடுப்பகலில் மடுவத்தில் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, ஒரு பிடி சோறு தின்று மீள்வதற்காகத் தேயிலைக்கு ஊடாகச் செல்லும் பாதையில் ஏறியிருக்கிறாள். மேலே ஓங்கி நின்ற மரத்திலிருந்து குளவிக் கூட்டம் கலைந்தது. அதைக் கலைத்தது காற்றோ பருந்தோ, யாருக்கும் தெரியாது. முந்தானையால் தலையை மூடிக்கொண்டு ஓடியவள், மழைநீர் வடிய வெட்டிய கானில் இடறி வலக்கையை ஊன்றி விழுந்தாள். குளவி கொட்டிய நஞ்சுக்காக மூன்று நாள் வைத்தியசாலையில் இருந்தாள். மணிக்கட்டு எலும்பு இரண்டிடத்தில் முறிந்திருந்தது.

தோட்டத்துக் காரியாலயத்தில் அவளுக்குக் கிடைத்த விடைகள் மூன்று. குளவி தோட்டத்துச் சொத்தன்று, அது இயற்கை என்பது முதலாவது. கொழுந்தை நிறுத்துக் கொடுத்தபின் சோற்றுக்குப் போன நேரம் வேலை நேரமாகாது என்பது இரண்டாவது. அன்று அவளுக்குப் பேரே விழவில்லை, ஆகவே அவள் அன்றைக்குத் தோட்டத்தின் ஆளே அல்லள் என்பது மூன்றாவது. தோட்டத்தின் பெயர் இங்கு வேண்டியதில்லை. அந்தக் காரியாலயத்தில் இருந்தவர் கொடியவருமல்லர். அவருக்குமுன் அங்கிருந்தவர் சொன்னதை அவரும் சொன்னார், அவ்வளவே.

"இதுக்கு ஏதாச்சும் சட்டம் இருக்கா சேர்?" என்று மாணவி கேட்டாள்.

பேராதனையில் தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்றுப் பட்டம் பெற்றவர் நாம். ஹந்தானை மலைச் சரிவைப் பார்த்தபடி நான்கு ஆண்டுகள் தொல்காப்பியமும் நன்னூலும் படித்திருக்கிறோம். அதே மலையில் கொழுந்து பறிப்பவர் விழுந்து கை முறிந்தால் என்ன சட்டம் பொருந்தும் என்பதை ஒருநாளேனும் நாம் கேட்டறிந்ததில்லை. தெரியவில்லை என்று அவளிடம் ஒப்புக்கொண்டோம். தொழிற்சங்கத்தில் வேலை செய்யும் நண்பர் ஒருவரிடமிருந்து கட்டளைச் சட்டத்தின் பிரதியொன்றை இரவலாகப் பெற்றோம். அதை வாசித்த இரவைப் பற்றியும் அதன் பின் நடந்தவை பற்றியுமே இங்கு எழுதுகிறோம். எம்மைப் போல் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லும் ஆசிரியர் பலர் இவ்விதழை வாசிக்கின்றனர். அவர்களுட் பெரும்பாலோரும் எம்மைப் போலவே இது பற்றி அறியாதிருக்கக்கூடும்.

வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டமாகும். பின்னர் பலமுறை திருத்தப்பட்டபோதும் அதன் முதுகெலும்பு ஒரே வாக்கியந்தான். வேலையினின்று எழுந்ததும் வேலையின்போது நிகழ்ந்ததுமான விபத்தினால் வேலையாளுக்குக் காயம் உண்டானால் முதலாளி நட்டஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர். இவ்வாக்கியம் இலங்கையிற் பிறந்ததன்று. 1897இல் பிரித்தானியப் பாராளுமன்றம் இயற்றிய சட்டத்திலிருந்து 1923ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்துக்கு வந்து, அங்கிருந்து இங்கு குடியேறியது. தோட்டங்களுக்கு எமது முன்னோர் வந்த வழியும் ஏறக்குறைய அதுவே. பிரித்தானியாவுக்கும் முன்பே, 1884இல் ஜெர்மனியில் பிஸ்மார்க் விபத்துக் காப்புறுதிச் சட்டம் கொண்டுவந்தார். தொழிலாளர் மீது அவருக்கிருந்த அன்பு அதற்குக் காரணமன்று. சோஷலிஸ்டுகள் மீதிருந்த அச்சமே காரணம் என்பது வரலாறு படித்தோர் அறிந்தது.

இச்சட்டத்தின் உட்பொருளை எமது மக்களுக்கு எடுத்துச் சொல்வது எளிதன்று. 'யாருடைய பிழை?' என்ற கேள்வியே இதில் எழுவதில்லை. அதற்கு முந்திய காலத்தில் காயமுற்ற தொழிலாளி முதலாளியின் கவனக்குறைவை நீதிமன்றத்தில் நிரூபித்தாக வேண்டும். கூலி வாங்கி உண்பவன் துரையின் கவனக்குறைவை நிரூபிப்பது எங்ஙனம்? ஆதலால் பிழையை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, ஆபத்து தொழிலோடு சேர்ந்தது, தொழிலின் இலாபம் யாருக்கோ ஆபத்தின் செலவும் அவருக்கே என்ற கொள்கையில் இச்சட்டம் எழுந்தது. தொழிலாளி சற்றுக் கவனமின்றி இருந்தார் என்பதனால் மட்டும் அவரது உரிமை அழியாது. மரணம் விளையாத காயமாயின், மதுவெறியில் இருந்தமை, பாதுகாப்புக் கட்டளையை வேண்டுமென்றே மீறியமை, எந்திரத்தின் காப்பை வேண்டுமென்றே கழற்றியமை ஆகியவற்றை முதலாளி எதிர்வாதமாகக் கூறலாம். ஓரிரு நாளில் ஆறிவிடும் சிறு காயத்துக்கு நட்டஈடு இல்லை. நட்டஈடு கோரமாட்டேன் என்று முன்கூட்டியே எழுதி வாங்கிய கடுதாசி எதுவும் செல்லாது. இந்தக் கடைசி விதியை லயங்களின் சுவர்தோறும் எழுதி ஒட்டவேண்டும் என்பது எமது எண்ணம்.

இச்சட்டம் நிறைவேறிய காலத்தில், 1931 முதல் 1936 வரை, அரசாங்க சபையில் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சராக இருந்தவர் பெரி. சுந்தரம். அவர் ஹட்டன் தொகுதியின் உறுப்பினர். தோட்டத் தமிழர் சமூகத்திலிருந்து வந்தவர். எமது பாடநூல்களில் அவரது பெயரைக் கண்ட நினைவு எமக்கில்லை.

நிற்க. 'வேலையினின்று எழுந்தது', 'வேலையின்போது நிகழ்ந்தது' என்னும் இரு தொடர்களையும் வாசித்தபோது எமக்குச் சற்றே சிரிப்பு வந்தது. அன்று காலை கரும்பலகையில் எழுதிய பாடமே இது. முன்னது ஐந்தாம் வேற்றுமை. நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என்ற நான்கனுள் ஏதுப் பொருள். பின்னது ஏழாம் வேற்றுமை. இடமும் காலமும் அதன் பொருள். 'இல்' என்ற உருபு இரண்டுக்கும் பொது. 'கல்வியிற் பெரியவன்' என்றால் கல்வி ஏது. 'வீட்டில் இருந்தான்' என்றால் வீடு இடம். 'வேலையில் அடிபட்டது' என்று தொழிலாளி ஒருவர் சொல்லும்போது அந்த ஒரே 'இல்' இரண்டு வேலையையும் செய்துவிடுகிறது. அவருக்கு அடிபட்ட இடமும் அடிபட்ட காரணமும் வேறுவேறல்ல. சட்டமோ அந்த 'இல்'லை இரண்டாகப் பிளக்கிறது. வேலையிடத்தில் அடிபட்டாய், சரி. வேலை காரணமாக அடிபட்டாயா என்று கேட்கிறது. முதலாளிகளின் வழக்கறிஞர்கள் நூறாண்டுகளுக்கு மேலாக நின்று வாதாடிவரும் இடம் இந்தப் பிளவுதான்.

குளவி வழக்கே நடந்திருக்கிறது என்றால் வாசகர் வியப்பர். இங்கிலாந்தில் 1909இல் ஒரு சீமாட்டியின் பணிப்பெண்ணைப் பற்றிய வழக்கு வந்தது. திறந்த யன்னலருகே இருந்தாள். வண்டொன்று பறந்து வந்தது. அதை விலக்கக் கையை உயர்த்தியபோது கண்ணிற் காயம்பட்டது. நட்டஈடு இல்லை எனத் தீர்ப்பாயிற்று. வண்டு எவர் வீட்டு யன்னலிலும் நுழையும், பணிப்பெண் வேலைக்கும் வண்டுக்கும் தொடர்பில்லை என்றனர். 1912ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதியில் இன்னொன்று இருக்கிறது. போரடிக்கும் எந்திரத்தோடு வேலை செய்த ஒருவனைக் குளவி கொட்டி, அதன் விளைவாக அவன் இறந்துபோனான். அவனைச் சார்ந்தோர்க்கும் கிடைத்தது இல்லையென்ற விடையே. அவனது தொழில் ஏனையோரினும் மிகுதியாக அவனைக் குளவிக்கு உட்படுத்தியதாகச் சான்று இல்லையாம். கண்டித் தோட்டத்துக் காரியாலயத்தில் 'குளவி இயற்கை' என்று சொன்னவர் இத்தீர்ப்புகளை அறிந்திருக்க வழியில்லை. எனினும் அதே வாதம் கடல் கடந்து அவர் வாயில் வந்து நின்றது.

ஆனால் இதற்குப் பின்னும் ஒரு தீர்ப்புண்டு. 1917இல் ஸ்கொத்லாந்திலிருந்து பிரபுக்கள் சபைக்குச் சென்ற வழக்கு அது. கொட்டகையொன்றில் மீன் பொதி செய்துகொண்டிருந்தாள் ஒரு பெண். அயலவன் காணியில் எழும்பிக்கொண்டிருந்த சுவர் இடிந்து கொட்டகைக் கூரைமேல் விழுந்தது. மீன் பொதி செய்வதற்கும் அயலவன் சுவருக்கும் என்ன தொடர்பு? ஒன்றுமில்லை. ஆயினும், வேலை அவளை அந்த இடத்தில் இருக்கச் செய்தது, அந்த இடத்தில் ஆபத்து இருந்தது, இதுவே போதும் என்று பிரபுக்கள் கூறினர். இங்கு ஐந்தாம் வேற்றுமையை ஏழாம் வேற்றுமை வந்து தாங்கிப் பிடிக்கிறது. இடமே ஏதுவாகிறது.

எமது மலைகளைப் பொறுத்தவரை அந்தப் பரந்த தீர்ப்பையும் தேடிச் செல்ல வேண்டியதில்லை. பழைய குறுகிய அளவுகோலே போதுமானது. தொழில் ஏனையோரினும் மிகுதியாக ஆபத்துக்கு உட்படுத்துகிறதா என்பதுதானே கேள்வி? கண்டி நகரில் வங்கியிலோ கடையிலோ எமது பாடசாலையிலோ வேலை செய்வோரில் எத்தனை பேரைக் குளவி கொட்டியிருக்கிறது? தெல்தோட்டை, கலஹா, புசல்லாவைப் பக்கங்களில் எந்த லயத்தில் விசாரித்தாலும் குளவியால் வைத்தியசாலைக்குப் போனவர் ஒருவரேனும் இருப்பார். மலைநாட்டுச் செய்தியைப் பத்திரிகையில் வாசிப்போர் 'குளவிக் கொட்டுக்கு இலக்காகி' என்ற தொடரை ஆண்டுதோறும் பலமுறை காண்பர். செறிந்த தேயிலைச் செடிக்குள் இரு கையையும் விடுவது அத்தொழில். முகத்தை வாதில் அடிக்குமளவுக்கு நெருங்கிய நிரை, தலைக்கு மேலே காற்றுத் தடுப்புக்கென வளர்த்த பெருமரங்கள், முதுகில் கூடை, ஓடுவதற்குச் சமதரை இல்லை. பலவிடங்களில் ஒரேயடியாகக் கொட்டினால் சிறுநீரகமே செயலிழக்கும் என்பர் வைத்தியர். இது தொழிலின் ஆபத்து இல்லையென்றால் கடலில் அமிழ்வது மீனவனின் தொழிலாபத்து இல்லையென்றும் சொல்லிவிடலாம்.

இரண்டாவது விடைக்கு நெடிய மறுமொழி வேண்டியதில்லை. உணவு இடைவேளையில் தோட்டத்துப் பாதையில் நடந்து மறுபடி நிரைக்குத் திரும்பவிருப்பவர் வேலையை விட்டுப் பிரிந்தவராகார் என்பது பழைய கொள்கை. அதற்கு மேலும், 2022இல் வந்த திருத்தம் வீட்டுக்கும் வேலைத்தலத்துக்கும் இடையிலான பயணத்தில் நேரும் விபத்தையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. நட்டஈட்டின் உச்சத் தொகை 20 இலட்சம் ரூபாவாக உயர்ந்ததும் அத்திருத்தத்தினாலேயே. இத்திருத்தம் பற்றித் தோட்டத்தில் நாம் கேட்டவர்களுள் ஒருவரும் அறிந்திருக்கவில்லை. எமது ஆசிரியர் அறையிலும் அப்படியே.

மூன்றாவது விடையே எம்மை நெடுநேரம் உறங்கவிடாதது. அன்று அவளுக்குப் பேர் விழவில்லை என்றார்கள். தோட்டத்துத் தமிழில் 'பேர்' என்ற சொல்லுக்கு ஒரு தனிப்பொருள் உண்டு. ஒரு நாளைய முழுக்கூலி 'ஒரு பேர்' எனப்படும். குறித்த கிலோ நிறையாவிட்டால் 'அரைப்பேர்'. பிரட்டுக் களத்தில் அழைக்கப்பட்டுச் செக்ரோலில் பதியப்படும் பெயரே கூலியுமாகிறது. மாதத்தில் எத்தனை பேர் என்று ஒரு பெண்ணைக் கேட்டால் இருபது பேர், பதினெட்டுப் பேர் என்பாள். ஒரே ஆள் எங்ஙனம் இருபது பேராவாள் என்று நகரத்து ஆசிரியர் ஒருவர் எம்மிடம் வேடிக்கையாகக் கேட்டதுண்டு. கைக்காசு நாளில் பேர் கிடையாது. கிலோ மட்டுமே உண்டு. கிலோ மட்டும் உள்ளவள் வேலையாள் ஆவாளா?

ஆவாள் என்பதே கட்டளைச் சட்டத்தின் விடை. முதலாளியின் தொழிலின் பொருட்டு ஒப்பந்தத்தின் பேரில் வேலை செய்பவர் வேலையாளே. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டுமென்பதில்லை, வாய்ச்சொல்லும் ஒப்பந்தமே. கூலி நாட்கணக்கில் இருக்க வேண்டுமென்பதுமில்லை, செய்த வேலையின் அளவுக்குக் கொடுத்தாலும் கூலியே. கங்காணி சனிக்கிழமை மாலை லயத்து வாசலில் நின்று "நாளைக்குக் கைக்காசு இருக்கு, வாங்க" என்று கூவியதும், அவள் கூடையோடு போனதும், கொழுந்து தோட்டத்துத் தராசில் ஏறியதும் சேர்ந்தால் ஒப்பந்தம் முற்றுப்பெறுகிறது.

இதில் வரலாற்றின் ஒரு முரண் இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களைப் பெருந்தொகையாக நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டு அவர்களைக் கணக்கிட்டுப் பகிர்ந்துகொண்டனர். 2003இல் இயற்றிய சட்டம் வரை அந்தக் கதை நீண்டது. அந்த நீண்ட இருண்ட காலம் முழுதும் குடிமகனா என்று கேட்காத சில சட்டங்களுள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும் ஒன்று. வேலையாளா என்று மட்டுமே அது கேட்டது. நாடு அவர்களை ஆளாக ஏற்காத நாளிலும் அந்த ஏட்டில் அவர்கள் ஆளாக இருந்தனர்.

இன்று குடியுரிமை உண்டு, வாக்கு உண்டு. வேலையாள் என்ற பெயரே நழுவத் தொடங்கியிருக்கிறது. தோட்டங்கள் 1992இல் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டன. அண்மைக் காலமாகக் கம்பனிகள் பல, தொழிலாளருக்குத் தேயிலைச் செடிகளைப் பங்கிட்டுக் கொடுத்து, அவர்களே பராமரித்துப் பறித்துக் கொழுந்தைக் கிலோ விலைக்குக் கொடுக்கும் முறையைப் புகுத்தி வருகின்றன. வெளியார் உற்பத்தி முறை என்பர். வருமானப் பங்கு முறை என்றும் அழகாகச் சொல்வர். 2021இல் நாட்கூலி 1,000 ரூபாவாகவும் 2024இல் அடிப்படைக் கூலி 1,350 ரூபாவாகவும் வர்த்தமானியில் நிர்ணயிக்கப்பட்டபோது இந்த முறைக்குக் கம்பனிகள் காட்டிய ஆர்வம் இன்னும் கூடியது. அதில் சில குடும்பங்களுக்குக் கையில் சற்று மிகுதியாகப் பணம் கிடைக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. அதைக் கண்ணாற் கண்டிருக்கிறோம். நாம் கேட்பது வேறு. தன் பங்குச் செடியில் பறிக்கும் பெண்ணைக் குளவி கொட்டினால் அவள் யார்? அவள் வேலையாள் அல்லள், எமக்குக் கொழுந்து விற்பவள் என்று நாளை ஒருவர் எழுந்து நின்று வாதாடுவார். அதற்கு மறுவாதமும் இருக்கும். ஆயினும் அதை நிறுவும் சுமை கைமுறிந்தவள் தலையில் ஏறும். முன்பு பிழையை நிரூபிக்கச் சொன்னார்கள். இனித் தன்னையே நிரூபிக்கச் சொல்வார்கள்.

மாணவியின் தாயைப் பார்க்க ஒரு சனிக்கிழமை தோட்டத்துக்குச் சென்றோம். மாவுக்கட்டு அவிழ்த்திருந்தனர். விரல்கள் முழுதாக மடங்கவில்லை. கொழுந்து பறிக்கும் விதத்தை எமக்குக் காட்ட முயன்றாள். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் இரண்டிலையும் அரும்பும் பிடிபட வேண்டும். வலக்கையில் அவை இரண்டும் ஒன்றையொன்று தொடவில்லை. அரை விரற்கடை இடைவெளி. "இடது கை மட்டும் பறிச்சா அரைப்பேருக்கும் காணாது" என்றாள்.

கட்டளைச் சட்டத்தின் முதலாம் அட்டவணை, இன்ன உறுப்பு போனால் உழைக்குந் திறனில் இத்தனை வீதம் இழப்பு என்று விலைப்பட்டியல் போடுகிறது. இதற்கு மூத்ததான 1923ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தின் பட்டியலில் கட்டைவிரலுக்கு 25 வீதம், சுட்டுவிரலுக்கு 10 வீதம் என்று முதலில் வகுத்திருந்தனர். யாரை மனதில் நிறுத்தி இக்கணக்கைப் போட்டனரோ, கொழுந்து பறிக்கும் பெண்ணை நிறுத்தவில்லை என்பது உறுதி. அவளுக்கு அந்த இரண்டு விரலுமே தொழில். அட்டவணையில் இல்லாத காயத்துக்கு வைத்தியரின் மதிப்பீடு வேண்டும். வைத்தியரிடம் அவளுடைய தொழில் இன்னதென்று எழுதிச் சொல்லாவிட்டால் அவரும் பொதுவான ஒரு கையைத்தான் மதிப்பிடுவார். ஆகவே எமது விண்ணப்பத்தோடு ஒரு பக்கம் தனியாகச் சேர்த்தோம். ஒரு கொழுந்து எவ்வாறு பறிக்கப்படுகிறது என்பதே அதில் எழுதியது. பட்டப்படிப்பில் எழுதிய எந்தக் கட்டுரைக்கும் நாம் இவ்வளவு சிரமப்பட்டதில்லை.

ஹந்தானையில் 1925இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை 2001 முதல் நூதனசாலையாக இருக்கிறது. ஆண்டுதோறும் மாணவர்களை அங்கு அழைத்துச் செல்கிறோம். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட வரலாறு அங்கே உண்டு. அவரது கல்லறையும் கண்டி மஹாயியாவ மயானத்தில் உண்டு. பழைய ரோலர்கள் துடைத்து மெருகிடப்பட்டு நிற்கின்றன. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைக் கட்டளைச் சட்டம் ஆபத்தான எந்திரங்களுக்குக் காப்பு அமைக்க வேண்டும் என்று விதித்தது. அந்த விதி வருமுன் அவற்றைச் சுழலவிட்டவர்களின் கைகளைப் பற்றி மாணவர்க்கு இதுவரை நாம் ஒரு சொல்லும் சொன்னதில்லை. இவ்வாண்டு சொன்னோம். பின்வரிசையிலிருந்து ஒரு பையன், "எங்க தாத்தாவுக்கு மூணு வெரலு இல்ல சேர்" என்றான். அதைச் சொல்லிவிட்டு மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தான்.

சட்டத்தின் எல்லையையும் சொல்லவேண்டும். விபத்துக்கு ஒரு நாளும் ஒரு மணியும் வேண்டும். முப்பதாண்டு தலையில் கயிறு மாட்டிக் கூடை சுமந்த கழுத்துக்கு அப்படியொரு நாள் கிடையாது. தொழில் நோய்களுக்கெனத் தனி அட்டவணை உண்டு. ஈயநஞ்சு போன்றவை அதில் இருக்கின்றன. மலையேறித் தேய்ந்த முழங்காலை அவ்விதம் எண்ணுவார் இல்லை. தற்காலிகமாக வேலை செய்ய இயலாதவருக்கு அரைமாதத்துக்கொருமுறை கொடுப்பனவு என்கிறது சட்டம். அதைக் கேட்டுப் பெற, விபத்து நடந்ததற்கான பதிவும் சாட்சியும் சம்பளச் சீட்டும் வைத்திய அறிக்கையும் வேண்டும். காலவரையறையும் உண்டு, அது தவறினால் தகுந்த காரணம் காட்ட வேண்டும். காயத்தோடு படுத்திருப்பவர் இவற்றையெல்லாம் திரட்டுவதற்குள் அடுத்த பருவத்துக் கொழுந்து துளிர்த்துவிடும்.

சாட்சிக்கு ஆள் தேடியது பெரும்பாடாயிற்று. அன்று கூடப் பறித்தவர் ஒன்பது பெண்கள். அவர்களுள் ஒருவர் எம்மிடம் ஒளிக்காமல் சொன்னார்: "பேரு விழாத நாளுக்குச் சாட்சி சொல்லப் போனா, விழுற பேரும் விழாம போயிரும் சேர்." நாம் அவரைக் குறைகூறவில்லை. மாதச் சம்பளத்தோடு விடுமுறையும் ஓய்வூதியமும் உள்ளவர் துணிவு பற்றி அவருக்கு உபதேசிப்பது அழகன்று. மூன்றாம் முறை சென்றபோது இருவர் முன்வந்தனர். கங்காணி கையெழுத்திட மறுத்தார். ஆனால் அன்றைய நிறுவைத் துண்டில் தாயின் பெயரும் கிலோவும் இருப்பதை, தாம் சொன்னதாகச் சொல்ல வேண்டாமென்று கேட்டுக்கொண்டு, மாணவியிடம் சொல்லிவிட்டார். வீட்டுத் தகரப்பெட்டியில் அத்துண்டு கிடந்தது. மடிந்து நைந்திருந்த அதில் பதினொரு கிலோ என்று எழுதியிருந்தது.

விண்ணப்பத்தை ஒரு ஞாயிறு மாலை நிரப்பினோம். நட்டஈட்டு ஆணையாளருக்கு முகவரியிட்டு, மாணவி எழுத, நாம் திருத்தினோம். விபத்து நிகழ்ந்த விதம் என்ற இடத்தில் அவள், 'வேலையில் குளவி கொட்டி' என்று முதலில் எழுதினாள். பிறகு தானாகவே அதை அடித்துவிட்டு, 'வேலையின்போது, வேலையின் காரணமாக' என்று எழுதி எம்மை நிமிர்ந்து பார்த்தாள். தொழில் என்ற இடத்தில் 'கொழுந்து பறிப்பவர்' என்று எழுதினாள்.

கையெழுத்திட வேண்டிய இடத்தில் பெருவிரல் அடையாளம் போதும் என்றோம். தாய் சம்மதிக்கவில்லை. தோட்டத்துப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் அவள். வலக்கை பேனையைப் பிடிக்காது, இடக்கையால் எழுதினாள். வெகுநேரம் சென்றது. எழுத்துக்கள் ஒன்றோடொன்று முட்டிச் சாய்ந்து, கட்டத்தைக் கடந்து பக்க ஓரம் வரை போயின. தலையெழுத்தோடு முழுப்பெயரையும் எழுதி முடித்த பின்பே பேனையைத் தந்தாள்.

மறுநாள் கண்டித் தபால் நிலையத்தில் அதைப் பதிவுத் தபாலில் சேர்த்தோம். பற்றுச்சீட்டு மாணவியின் இலக்கணக் கொப்பிக்குள் இருக்கிறது. விசாரணைத் திகதி இன்னும் வரவில்லை.